பல்லக்காவும் நாத்தனாரின் கடைவாய்ப் பல்லும்

பல்லக்கா என்று தெருவில் யாராவது கூப்பிட்டால் அவள் முறைப்பாள். முறைத்துவிட்டு வாசல் விளக்கையும் போடுவாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவரை விளக்கடியில் நிறுத்தி, கைபேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து, "இது சொத்தை இல்லீங்க, ஈறு வீங்கியிருக்கு. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்புளிச்சுட்டுக் காலையில கிளினிக்குக்கு வந்துடுங்க" என்பாள். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது மறுபடியும் பல்லக்கா என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். மாமியார் வைத்த பெயரையும் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் இருந்த பெயரையும் தெரு என்றோ மறந்துவிட்டது.

கிளினிக்கில் அவள் சிஸ்டர். கைபேசி ரிப்பேர் கடைக்கு மேலே, இருபத்தாறு படி ஏறினால் வருகிற இரண்டு அறைதான் கிளினிக். முன்னறையில் எட்டு நாற்காலி, சத்தத்தை அணைத்துவைத்த ஒரு டிவி. உள்ளறையில் சாய்கிற நாற்காலி ஒன்று, அதன் வலப்பக்கம் டாக்டர், இடப்பக்கம் அவள். அதற்கும் பின்னால் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு ஒரு தடுப்பு. அங்கேதான் கருவிகளை வேகவைக்கிற ஸ்டெரிலைசரும், எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுகிற இருட்டுப் பெட்டியும், அவளுடைய டிபன் பாக்ஸும் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று உரசவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலைகளில் ஒன்று.

அவள் பல் வேலைக்கென்று வரவில்லை. தரை துடைக்க வந்தவள். லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிற அவள் வீட்டுக்காரர் ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து ஆறு மாசம் காலை நீட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தார். அப்போது காலையில் இரண்டு மணி நேரம் இங்கே துடைப்பமும் வாளியுமாக வந்துபோனாள். டாக்டர் அப்போதுதான் கிளினிக் திறந்திருந்த புதுசு. நோயாளிகளைவிட அவர்தான் அதிகமாகப் பயந்தார். உதவிக்கு இருந்த பெண் கல்யாணம் நிச்சயமானதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். அன்றைக்கு நாற்காலியில் ஒரு ஆள் வாயைப் பிளந்தபடி கிடக்க, வாய் முழுக்கத் தண்ணீர் தேங்கி அவர் முழி பிதுங்க, டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தக் குழாயக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, எச்சில் இழுக்கிற குழாயைப் பிடித்தாள். இருபத்திரண்டு வருஷமாக இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

கேட்டுக் கேட்டு, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கிளீனிங் என்றால் எந்த ட்ரே, சொத்தையை அடைப்பது என்றால் எந்த ட்ரே, வேர் சிகிச்சை என்றால் ஊசி ஊசியாக எத்தனை, எந்த வரிசையில் என்பதெல்லாம் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் கையில் இருக்கும். சிமென்ட்டை எவ்வளவு கெட்டியாகக் குழைத்தால் பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப் உட்காரும், அச்செடுக்கிற மாவு எத்தனை நொடியில் இறுகும், யாருக்கு அதை வாயில் வைத்தால் குமட்டும் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. குமட்டுகிறவர்களிடம், "இடது கால் கட்டைவிரல மட்டும் ஆட்டுங்க, வேற எதையும் நினைக்காதீங்க" என்பாள். காலையும் தொண்டையையும் எது இணைக்கிறது என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். "எதுவும் இல்ல டாக்டர். விரல ஆட்டுறப்போ வாந்தி எடுக்கணும்னு ஞாபகம் வராது, அவ்வளவுதான்" என்றாள்.

நோயாளிகளைப் பற்றி அவளுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆறடி ஆள் ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிழுவான். ஒல்லிக்குச்சிப் பெண் இரண்டு பல்லை எடுத்துக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி நேரே ஆபீஸுக்குப் போவாள். தினமும் இரண்டு வேளை பல் விளக்குகிறேன் என்று சத்தியம் பண்ணுகிறவர் வாயில்தான் காறை கட்டி நிற்கும். கிளீனிங் பண்ணினால் பல் ஆடிவிடும் என்று வாதாடுகிறவர்களிடம் அவள் சண்டைக்கே போவாள். "பல்லு முன்னாலயே ஆடிட்டுதான் இருக்கு. அழுக்குதான் இத்தனை நாளா முட்டுக்கொடுத்திருக்கு. அதை எடுத்தா எங்க மேல பழியா?" பல் செட் போட்டுக்கொண்டு போகிற பெரியவர்களிடம் மட்டும் அவளுக்குப் பொறுமை அதிகம். முதல் வாரம் புண்ணாகும், பேச்சு கொழகொழக்கும், தூக்கி எறியத் தோன்றும், எறிந்துவிடாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. அது அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை.

நாத்தனார் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். இருநூறு பிள்ளைகளின் பிறந்த தேதியை மனப்பாடமாகச் சொல்வாள். யார் எந்த வருஷம் எந்த வாசலில் நின்று என்ன சொன்னார்கள் என்பதையும் அப்படியே சொல்வாள். ஆனால் தான் சொன்னதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பக் கூட்டத்தில், அண்ணி எங்கே வேலை பார்க்கிறார் என்று யாரோ கேட்டபோது, "பல் ஆஸ்பத்திரியில. எச்சில் துடைக்கிற வேலை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். நாக்கில் நரம்பில்லாமல் அப்படிச் சொன்னாளே என்று பல்லக்கா அன்றைக்கு இரவெல்லாம் புழுங்கினாள். இந்தப் பதினாறு வருஷத்தில் பல்வலி என்று நாத்தனார் ஊரெல்லாம் போய் வைத்தியம் பார்த்தாள், இந்த இருபத்தாறு படியை மட்டும் ஏறவில்லை. பல்லக்காவும் வா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியில் வலிதான் கொண்டுவந்து சேர்த்தது. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஊரில் இல்லை, கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது, மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அண்ணன் போன் பண்ணி, "பேசாம உங்க அண்ணிகிட்ட போ" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு நாத்தனார் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

பல்லக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அதை வெளியே காட்டாமல் இருக்கப் பாடுபட்டாள், அதுவும் நன்றாகவே வெளியே தெரிந்தது. புது ஏப்ரனை மாட்டிக்கொண்டாள். காத்திருந்த நாலு பேரைத் தாண்டி நாத்தனாரை உள்ளே கூட்டிப்போய், நாற்காலியைச் சாய்த்து, மார்பில் துண்டைக் கட்டி, விளக்கை இழுத்துவிட்டு, "பயப்படாத. இங்க எல்லாம் நான் பார்த்துக்குவேன்" என்றாள். துடைக்கிற வேலை எப்படி இருக்கிறதென்று இன்றைக்குப் பார்க்கட்டும்.

டாக்டர் பார்த்தார். கீழே இடது பக்கத்தில் கடைசியாக இரண்டு கடைவாய்ப் பற்கள் ஜோடியாக நின்றன. அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் பல் இல்லை, என்றைக்கோ எடுத்தாகிவிட்டது. அந்த இரண்டுக்கும் எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறு எங்கோ வேர் சிகிச்சை பண்ணி, ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு கேப் போட்டிருந்தார்கள். மேலே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. அடியில் எது கெட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டர் கண்ணாடிக் காம்பால் முன்பல்லைத் தட்டினார். நாத்தனார் ஐயோ என்றாள். பின்பல்லைத் தட்டினார். அதற்கும் ஐயோ. தட்டாமல் சும்மா கிட்டே கொண்டுபோனார். அதற்கும் ஐயோ.

"படம் எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

கம்ப்யூட்டரில் தெரிகிற எக்ஸ்ரே இந்தக் கிளினிக்கில் கிடையாது. விற்க வருகிறவர்களிடம் டாக்டர், "எங்க அக்கா கழுவுற ஃபிலிம்ல முடி வேர்கூடத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஃபிலிம். அதன் ஒரு மூலையில் கடுகளவு ஒரு புள்ளி இருக்கும். ஒரு பக்கம் தடவினால் மேடு, மறுபக்கம் தடவினால் பள்ளம். கழுவி மாட்டும்போது மேடு பார்க்கிறவரின் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி புரண்டுவிடும், முன்னது பின்னதாகும். அவள் கட்டைவிரல் அந்தப் புள்ளியைத் தானாகத் தேடிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அன்றைக்கு அவள் வாய் சும்மா இருக்கவில்லை. இருட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுக் கழுவிக்கொண்டே, தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடந்த நாத்தனாருக்குக் கேட்கும்படி, இது முதல் தண்ணீர், இது இரண்டாவது, இத்தனை நொடி, ஒரு நொடி கூடினாலும் கறுத்துப்போகும், எல்லோருக்கும் வராது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஈரத்தோடு ஃபிலிமைக் கொண்டுவந்து, விளக்குப் பலகையில் சொருகி, "இதோ, உன் பல்லோட ஜாதகம்" என்றாள்.

படம் தெளிவாக இருந்தது. ஒரு பல்லின் வேர் நெடுக விண்டிருந்தது, அதன் நுனியில் கருப்பாகச் சீழ்க்கட்டி. டாக்டர் உற்றுப் பார்த்துவிட்டு, "முன்பல்லுதான். வேர் பிளந்துபோச்சு, இனி காப்பாத்த முடியாது. எடுத்துடலாம். பின்னால இருக்கிறது நல்லா இருக்கு, இந்தப் பக்கம் மெல்ல அதுவாவது இருக்கும்" என்றார். நாத்தனார் தலையாட்டினாள். எட்டு நிமிஷத்தில் மரப்பு ஊசி பிடித்தது, பதினைந்து நிமிஷத்தில் பல் வெளியே வந்தது. கேப்போடு முழுசாக வந்தது. டாக்டர் அதை ட்ரேயில் போட்டு, பள்ளத்தில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, கிளவுஸைக் கழற்றி மருந்து எழுத மேஜைக்குப் போனார்.

ட்ரேயை எடுத்துக்கொண்டு பல்லக்கா தடுப்புக்குள் போனாள். குழாயைத் திறக்கப் போனவள் நின்றாள். சீழ் பிடித்த பல் வெளியே வந்தால் வேர் நுனியில் ஒரு சின்னப் பை தொங்கும், நாற்றம் அடிக்கும். இந்தப் பல்லின் இரண்டு வேரும் கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தன. பிளவும் இல்லை.

அவள் திரும்பி விளக்குப் பலகைக்குப் போய், உறைக்குள் போட எடுப்பதுபோல ஃபிலிமை உருவினாள். தன் பக்கம் இருந்த மூலையைக் கட்டைவிரலால் தடவினாள். பள்ளம்.

மறுபடியும் தடவினாள். பள்ளம் மேடாகிவிடுமா என்ன? கெட்டது பின்பல். எடுத்தது நல்ல பல். தன் கையால் திருப்பி மாட்டிய படத்தை நம்பி, டாக்டர் நாத்தனாரின் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். உலகத்தில் வேறு யார் வாயிலாவது இது நடந்திருக்கக் கூடாதா!

இது யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மரப்பு போனதும் வலி அப்படியேதான் இருக்கும். பல் எடுத்த வலி என்று நாத்தனார் இரண்டு நாள் பொறுப்பாள். மூன்றாம் நாள் வருவாள். பின்பல்லுக்கும் பரவிவிட்டது என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அதையும் கொடுப்பாள். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் மெல்ல ஒன்றுமே இருக்காது. வாய் திறந்து சொன்னாலோ, பதினாறு வருஷமாக எச்சில் துடைக்கிற வேலை என்று இருந்தது இனிமேல் நல்ல பல்லைப் பிடுங்குகிற வேலை என்று ஆகும். சாகிறவரை ஆகும்.

இவ்வளவையும் மனசு யோசிக்கும்போதே கை முந்திக்கொண்டது. பல்லை வேரில் தொடாமல் கேப்பில் பிடித்துத் தூக்கி, கிண்ணத்தில் சலைன் ஊற்றி அதற்குள் போட்டிருந்தது. விழுந்து பல்லைத் தட்டிக்கொண்ட பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அவள் போனில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்: வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க, பால்ல போட்டு எடுத்துட்டு ஓடி வாங்க, அரை மணி நேரத்துக்குள்ள வந்தா திருப்பி வைக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தாள். பல் வெளியே வந்து ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

கிண்ணத்தோடு மேஜைக்குப் போனாள். "டாக்டர், எழுதறத நிறுத்துங்க."

டாக்டர் நிமிர்ந்தார். அவள் குரல் அப்படி இருந்து அவர் கேட்டதில்லை.

"படத்த நான் திருப்பி மாட்டிட்டேன். கெட்டது பின்பல்லு. இது நல்ல பல்லு. சலைன்ல இருக்கு, ஆறு நிமிஷம் ஆச்சு."

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார். ஃபிலிமை வாங்கி, மூலையைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. புதுக் கிளவுஸை எடுத்தார், எழுந்தார்.

"வாயத் திறங்கம்மா, ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு" என்றார் நாத்தனாரிடம். பஞ்சை எடுத்து, பள்ளத்தைச் சலைனால் கழுவினார். பல்லக்கா குழாயைப் பிடித்தாள். டாக்டர் பல்லை அதே பள்ளத்தில் வைத்து மெதுவாக அழுத்தினார். உள்ளே போய் உட்கார்ந்தது. பஞ்சை மேலே வைத்துக் கடிக்கச் சொல்லி, உயரம் சரிதானா என்று பார்த்து, பல்லின் தலைக்குக் குறுக்காக இரண்டு தையல் போட்டுக் கட்டினார். நாத்தனார் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்த பல்லை எதற்கு மறுபடியும் வைக்கிறார்கள் என்று கேட்க வாய் அவள் வசம் இல்லை.

கை கழுவுகிற சாக்கில் டாக்டர் தடுப்புக்குள் வந்தார். குரலைத் தாழ்த்தி, "அக்கா, சில பல்ல வேணும்னே வெளிய எடுத்து, சரிபண்ணி, திருப்பி வைக்கிறது உண்டு. புஸ்தகத்திலயே இருக்கிற சிகிச்சைதான். அப்படியே சொல்லிடலாம். பொய்யின்னுகூடச் சொல்ல முடியாது" என்றார்.

நல்ல மனுஷர். அவரும் பயந்துபோயிருந்தார். பல்லக்காவுக்கு அந்த வார்த்தை வெயிலில் வந்தவளுக்கு நீட்டிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டால் போதும்.

"உண்டுதான் டாக்டர். ஆனா இவளுக்கு நாம அதுக்காக எடுக்கலையே" என்றாள்.

வெளியே வந்து, நாற்காலியை நிமிர்த்தி, நாத்தனாருக்கு எதிரே நின்றாள். "நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணா சொல்லு. உனக்கு எடுக்க வேண்டியது பின்பல்லு. எடுத்தது முன்னால இருந்த நல்ல பல்லு. நான் படத்தத் திருப்பி மாட்டிட்டேன். உன்கிட்ட பெருமை பேசிட்டே மாட்டினேன். டாக்டர் என் படத்த நம்பி எடுத்தாரு. தெரிஞ்ச உடனே திருப்பி வெச்சிருக்கோம். ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். கெட்ட பல்லு இன்னும் அங்கயேதான் இருக்கு. இது ஒட்டின பிறகுதான் அதைத் தொட முடியும். தப்பு என்னோடது."

"என்னோடதும்தான். புள்ளியை நானும் பார்த்திருக்கணும்" என்றார் டாக்டர், பின்னாலிருந்து.

நாத்தனார் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதி முகம் மரத்திருந்ததால் கோபம் ஒரு பக்கம்தான் தெரிந்தது. கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினாள். 'இதற்கு முன் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?'

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றாள் பல்லக்கா. பிறகு, "இன்னைக்குப் பல்லப் பார்க்காம விட்டிருந்தா இதுவும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

நாத்தனார் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாய மூடிட்டு இருந்திருக்கலாமே. அவளுக்கு எங்க தெரியப்போகுது? இனி நம்ம ரெண்டு பேரையும் விடுவாளா?"

"பல்லு ட்ரேயில கிடந்துச்சுங்க. நான் வாய மூடியிருந்தா அது குப்பைக்குப் போயிருக்கும்" என்றாள். மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் தினமும் தங்கைக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் குழைத்துத்தான் சாப்பிடுகிறாளாம், மாத்திரையில் வீக்கம் வடிந்திருக்கிறதாம் என்று இவளுக்குக் கேட்கிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொல்வார்.

நாத்தனார் சும்மா இருக்கிற ஆளா? சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னாள். ஒவ்வொருவராகப் பல்லக்காவுக்குப் போன் பண்ணினார்கள், ஒவ்வொரு போனிலும் கதை ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. முதல் போனில் டாக்டர் தப்பாக எடுத்திருந்தார். மூன்றாவதில் பல்லக்காவே எடுத்திருந்தாள். ஐந்தாவதில், "ரெண்டு பல்லையும் வெறுங்கையால பிடுங்கிட்டீங்களாமே" என்று ஒரு சித்தி கேட்டாள். "ஆமா, காலையும் ஊன்றிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கா போனை வைத்தாள். வைத்த பிறகு கொஞ்சம் அழுதாள்.

வேலையிலும் பழைய வேகம் இல்லை. ஒரு ஃபிலிமை மாட்டுவதற்குள் மூன்று தடவை தடவினாள், மாட்டிய பிறகு எடுத்து மறுபடியும் தடவினாள். வெளியே நோயாளிகள் கொட்டாவி விட்டார்கள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் இப்போதெல்லாம் தானும் ஒருமுறை தடவிவிட்டுத்தான் பார்த்தார். அவர் சொல்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இனி தரை துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்தது மட்டுமில்லை, ஒருநாள் டாக்டரிடம் கேட்டும்விட்டாள். "தரைய நான் துடைச்சுக்கறேன். நீங்க ஃபிலிமக் கழுவுங்க" என்றார் அவர்.

பதினாறாம் நாள் நாத்தனார் வர வேண்டிய நாள். வரமாட்டாள் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். பத்தரைக்கு வந்தாள். முன்கூட்டியே ட்ரேயை அடுக்கிவைத்திருந்த பல்லக்கா, அவளுக்குப் புதுப் படம் எடுத்துக் கழுவி மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தடுப்புக்குள் போய் நின்றுகொண்டாள். "நான் பக்கத்துல நின்னா அவளுக்குப் பயமா இருக்கும் டாக்டர். குழாய நீங்களே பிடிச்சுக்கங்க" என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள். ஸ்டெரிலைசரின் இரைச்சலையும் மீறிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் முன்பல்லை இடுக்கியின் நுனியால் அசைத்துப் பார்க்கிற ஓசை கேட்டது. பிறகு அவர் குரல்: "ஆடல. பிடிச்சிருக்கு. ஈறும் ஒட்டியிருக்கு. படத்திலயும் நல்லா இருக்கு. இன்னும் சில மாசம் பார்க்கணும், ஆனா நான் பயந்த மாதிரி இல்ல." பல்லக்கா தடுப்பின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கடவுளே, அது பிழைத்துக்கொண்டது!

"இப்ப பின்பல்ல எடுத்துடலாம். வாய நல்லாத் திறங்க."

டாக்டர் இடுக்கியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, வாயத் திறங்க."

"அண்ணி எங்க?" என்றாள் நாத்தனார்.

"உள்ள வேலையா இருக்காங்க."

"கூப்பிடுங்க. அவங்க வராம நான் வாயத் திறக்க மாட்டேன்."

ஊரைக் கூட்டித் திட்டப்போகிறாள் என்று பல்லக்கா நினைத்தாள். திட்டட்டும், பல் பிழைத்துவிட்டதே. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனார் நாற்காலியில் சாய்ந்தபடி, கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, அவளை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சத நான் மறக்கலை. மன்னிக்கவும் இல்ல. இன்னும் நாலு பேருக்குச் சொல்லத்தான் போறேன்" என்றாள். "ஆனா அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா எனக்கு இந்த ஜென்மத்துல தெரிஞ்சிருக்காது. அதனால நீங்களே சொல்லுங்க. எந்தப் பல்லு?"

பல்லக்கா விளக்குப் பலகைக்குப் போனாள். ஃபிலிமை உருவி, மூலையைத் தடவினாள். மேடு. திரும்ப மாட்டினாள். கிளவுஸ் போட்டுக்கொண்டு, விளக்கை இழுத்து, நாத்தனாரின் கன்னத்தை ஒரு விரலால் ஒதுக்கி, படத்தையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பின்பல்லின் தலையில் விரலை வைத்து அழுத்தாமல் நிறுத்தினாள்.

"இது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

நாத்தனார் டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அண்ணி சொல்லிட்டாங்க. எடுங்க" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.